பாட்டின் முதலும் முடிவும்

பாலாற்றின் கரையை ஒட்டி ஆம்பூரும் வாணியம்பாடியும், அவற்றிற்குச் சற்று வடக்கே பேரணாம்பட்டும் அமைந்துள்ளன. தோல் பதனிடும் தொழிலால் கடல் கடந்தும் பெயர் பெற்ற ஊர்கள் இவை. முன்னாளில் இவை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 ஆம் ஆண்டில் உருவான திருப்பத்தூர் மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலும் உள்ளன. தோல் மண்டிகளையும் காலணித் தொழிற்சாலைகளையும் மட்டுமே அறிந்து இவ்வூர்களைக் கடந்து செல்வோர் பலர். இங்கே கவிதைக்கும் ஒரு நீண்ட மரபு உண்டு என்பதை அவர்கள் அறியார்.

இவ்வூர்களில் வாழும் இசுலாமியருள் பலர் தமிழும் உருதும் ஆகிய இரு மொழிகளிலும் பயிற்சி உடையவர். எனவே, முஷாயிரா எனப்படும் உருதுக் கவியரங்கங்கள் இங்கு நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. அவ்வரங்கில் கவிஞர் பாடும் முறை கருதத்தக்கது. கஜல் என்னும் பாவகை ஈரடிக் கண்ணிகளால் ஆனது. கவிஞர் முதற்கண்ணியின் முதலடியைச் சொல்லி நிறுத்துவார். அவையினர் அதனை மீண்டும் சொல்லுமாறு வேண்டுவர். அவரும் ஒரு முறைக்கு இரு முறையாகச் சொல்லி, அவையின் ஆவல் முதிர்ந்த பின்னரே இரண்டாம் அடியை வெளியிடுவார்.

இந்த முதற்கண்ணிக்கு மத்லா என்பது பெயர். கதிரவன் போன்றவை எழும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். மத்லாவில் ஈரடிகளும் ஒரே இயைபுச் சொல்லில் முடிதல் வேண்டும். அடுத்து வரும் கண்ணிகளில் இரண்டாம் அடி மட்டும் அவ்வாறு முடிந்தால் போதும். ஆகவே, பாட்டு முழுவதற்கும் உரிய இயைபு எது என்பதை மத்லாவைக் கேட்டவுடனேயே அவை அறிந்து கொள்கிறது. பின்வரும் ஒவ்வொரு கண்ணியிலும் அச்சொல் எவ்வழியே வந்து சேருமோ என்று செவி காத்திருக்கும். கவிஞர் அடியின் இறுதியை நெருங்கும்போது அவையோரே அச்சொல்லை உடன் சேர்ந்து ஒலிப்பதும் உண்டு.

இறுதிக் கண்ணிக்கு மக்தா என்று பெயர். அறுபடும் இடம் என்பது பொருள். அதில் கவிஞர் தம் புனைபெயரை அமைத்துப் பாடுவார். மிர்சா காலிபின் (1797–1869) கஜல்களில் காலிப் என்னும் பெயர் வருவது இவ்வாறே. பெயர் காதில் விழுந்ததும் பாட்டு முடிந்தது என்பதை அவை உணரும்.

வாணியம்பாடியில் 1919 ஆம் ஆண்டில் தோன்றிய இசுலாமியாக் கல்லூரியில் பல்லாண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017). ‘ஆலாபனை’ என்னும் நூலுக்காக 1999 ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இவர், ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ என்னும் தொகுப்பில் கஜலைத் தமிழுக்குக் கொணர்ந்தார். பாலாற்றங்கரையில் தமிழ் கற்பித்த ஒருவர் இப்பணியைச் செய்தமை வியப்பன்று.

இறுதிப் பாட்டில் புலவர் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாட்டில் தம் பெயரையும் தம் ஊராகிய சீகாழியையும் குறித்து, அப்பதிகத்தை ஓதுவார் பெறும் பயனையும் கூறுவார். இதனைத் திருக்கடைக்காப்பு என்பர். காலிபுக்கு 1000 ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது இது. அச்சுப் பொறி இல்லாத காலத்தில் பாட்டு வாய்வழியே ஊர் ஊராகச் சென்றது. பாட்டினுள் பெயர் இல்லையேல், பாடியவர் இன்னார் என்பது இரண்டு தலைமுறைக்குள் மறைந்து போகும். வேறொருவர் அதனைத் தமது என்று சொல்லிக் கொள்ளவும் கூடும். எனவே, பெயர் பொறித்தலைத் தற்பெருமை என்று கருதுதல் தவறு. தோலின் மீது உரியவர் இடும் முத்திரையைப் போன்றதே அது.

முதலையும் முடிவையும் காப்பதற்குத் தமிழர் கண்ட மற்றொரு முறை அந்தாதி. அந்தம் என்பது முடிவு. ஆதி என்பது முதல். ஒரு பாட்டின் இறுதியில் நின்ற எழுத்தோ, அசையோ, சீரோ, அடியோ அடுத்த பாட்டின் முதலாக அமையும்படி தொடுப்பது அந்தாதித் தொடையாகும். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. முதலாழ்வார் மூவரும் நூறு நூறு வெண்பாக்களால் அந்தாதி பாடினர். நம்மாழ்வாரோ 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி முழுவதையும் ஒரே சங்கிலியாகக் கோத்துவிட்டார். உயர்வைக் குறிக்கும் சொல்லில் தொடங்கும் அப்பெருநூல், அதே சொல்லின் மற்றொரு வடிவில் முடிகின்றது. இவ்வாறு இறுதிப் பாட்டின் இறுதி, முதற் பாட்டின் முதலைச் சென்று கூடுவதை மண்டலித்தல் என்பர். திருக்கடவூர் அபிராமி பட்டர் பாடிய அந்தாதியும் உதய ஞாயிற்றில் தொடங்கி, நூறாம் பாட்டின் இறுதியில் அந்த உதிக்கும் சொல்லுக்கே மீள்கிறது. மத்லா என்பதன் பொருளும் உதிக்கும் இடம் என்பதே அன்றோ!

வேலூரை அடுத்த காட்பாடி வட்டத்தில் வள்ளிமலை உள்ளது. அம்மலை மீது திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் கந்தரந்தாதி என்னும் நூலையும் இயற்றினார். இந்நூலைப் பற்றிச் செவிவழிக் கதையொன்று வழங்குகின்றது. பாரதம் பாடிய வில்லிபுத்தூரார், புலவர்களை வாதுக்கு அழைத்து, தோற்றவர் காதைத் துறட்டினால் அறுத்து வந்தாராம். அருணகிரிநாதர் அவர்முன் அந்தாதி பாட, அவர் ஒவ்வொரு பாட்டிற்கும் உடனுக்குடன் உரை கூறி வந்தார். 54 ஆம் பாட்டு வந்தது. அது தகர வருக்க எழுத்துகளால் மட்டுமே அமைந்தது. வில்லிபுத்தூரார் பொருள் அறியாது திகைத்தார். வென்ற அருணகிரிநாதர் அவர் காதை அறுக்கவில்லை. துறட்டை எறிந்துவிடுமாறு மட்டும் பணித்தார் என்பது கதை. வரலாறு இதனை உறுதி செய்யாது. ஆயினும், அந்தாதி என்பது எத்துணைக் கடுமையான கட்டுப்பாடு என்பதைப் பொதுமக்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக்கதையே சான்றாகும்.

இத்தகைய அமைப்புத் தமிழுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் உளர். ஆனால், பழைய ஆங்கிலப் பாடல்களிலும் இதனைக் காணலாம். அவற்றுள் தலையாயது ‘முத்து’ எனப் பொருள்படும் ‘பேர்ல்’ என்னும் பாட்டு. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் வழங்கிய வட்டார மொழியில் அது இயற்றப்பட்டது. பாடியவர் பெயர் தெரியவில்லை. அவர் தம் பெயரைப் பாட்டினுள் பொறிக்கவில்லை!

அப்பாட்டு இன்று நம் கைக்கு எட்டியமைக்கு ஒரேயொரு கையெழுத்து நூலே காரணம். அந்நூல் எழுதப்பட்டதும் தோலின் மீதுதான். ஆம்பூர்ப் பகுதி மாணவர்க்கு இத்தொழிலின் முற்பாதி தெரிந்ததே. ஆட்டுத் தோலையோ கன்றின் தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரைக் களைந்து, உட்புறத்துத் தசையைச் சீவி எடுப்பது வரையில் இரண்டு தொழிலும் ஒன்றே. அதன்பின் வழிகள் பிரிகின்றன. பழைய முறையில் தோல் பதனிடுவோர் அதனை ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் பல நாள் ஊறப்போடுவர். இக்காலத்தில் குரோமிய உப்புகளே மிகுதியாகப் பயன்படுகின்றன. எழுதுதற்குரிய தோலையோ பட்டைச் சாற்றில் இடுவதில்லை. மரச் சட்டத்தில் நாற்புறமும் இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் மென்மையாகும்வரை சுரண்டி, அவ்விறுக்கத்திலேயே உலர விடுவர். அவ்வாறு செய்த தோல் வெண்மையாகவும் மைக்கு ஏற்றதாகவும் இருக்கும். ஆனால் நெருப்பின் வெம்மை பட்டால் சுருங்கிக் கருகும்.

அந்த நெருப்பும் வந்தது. சர் ராபர்ட் காட்டன் (1571–1631) என்பவர் திரட்டிய நூலகத்தில் இந்நூல் இருந்தது. அந்நூலகத்தில் அலமாரிகளின் மேல் உரோமானிய மன்னர்களின் சிலைகள் நிறுத்தப்பட்டிருந்தன. அம்மன்னர் பெயராலேயே நூல்களுக்கு எண் இடப்பட்டது. ‘முத்து’ இருந்தது நீரோ மன்னனின் அலமாரியில். முதல் தட்டில் பத்தாம் நூல் அது. 1731 ஆம் ஆண்டில் அந்நூலகம் வைக்கப்பட்டிருந்த ஆஷ்பர்ன்ஹாம் மாளிகை தீப்பற்றியது. பல நூல்கள் அழிந்தன. ஆங்கிலத்தின் தொன்மையான காப்பியமாகிய பேவுல்ஃபின் ஏடுகள் ஓரம் கருகின. அடிகளின் முதலும் முடிவும் உள்ள அவ்வோரங்கள் பின்னர்ச் சிறிது சிறிதாக உதிர்ந்தன. நீரோ அலமாரியின் பத்தாம் நூல் தப்பியது. உரோம் எரிந்தபோது யாழ் வாசித்தான் என்று பழிக்கப்படும் மன்னனின் சிலை, ஒரு நூலைத் தீயினின்று காத்ததுபோலத் தோன்றுவது நகைப்பிற்குரிய பொருத்தமே.

இனிப் பாட்டைக் காண்போம். இரண்டு வயதும் நிரம்பாமல் இறந்த ஒரு பெண் குழந்தையே அந்த முத்து. இழந்தவன் ஒரு சோலையில், முத்து நழுவி வீழ்ந்த இடத்தில், துயரத்தோடு உறங்கிப் போகிறான். கனவில் ஓர் ஆறு தோன்றுகிறது. அதன் மறுகரையில் முத்துகள் அணிந்த மங்கையாக அக்குழந்தை நிற்கிறாள். அவன் புலம்ப, அவள் தெளிவிக்கிறாள். ஆற்றாமை மேலிட்டு அவன் ஆற்றில் இறங்க முயலும்போது கனவு கலைகிறது.

இக்கதை 12 அடிகள் கொண்ட 101 செய்யுள்களில், 1212 அடிகளில் சொல்லப்படுகிறது. ஐந்தைந்து செய்யுள்கள் ஒரு கொத்தாகும். ஒரு கொத்தில் மட்டும் ஆறு உண்டு. ஒரு கொத்திலுள்ள செய்யுள்கள் யாவும் ஒரே சொல்லில் முடியும். அச்சொல்லே அடுத்த செய்யுளின் முதலடியில் தலைகாட்டும். கொத்து மாறும்போதும் பழைய சொல் புதிய கொத்தின் முதலடியைத் தொட்டுவிட்டே விலகும். இது அந்தாதி அன்றி வேறென்ன?

மண்டலித்தலும் இங்கு உண்டு. தொடக்க அடியில், ஓர் இளவரசன் உவக்கத்தக்க முத்து என்று அவன் தன் செல்வத்தைப் பாராட்டுகிறான். இறுதி அடியிலும் முத்து வருகிறது; உவப்பு வருகிறது. ஆயின், உவப்பவன் இப்போது மண்ணுலக இளவரசன் அல்லன், இறைவன். தொடக்கத்தில் தனக்கே உரியது என்று பற்றிய முத்தை, முடிவில் அவன் கொடுத்துவிடுகிறான். சொற்கள் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கின்றன. சொன்னவன் அதே ஆளாக வந்து சேரவில்லை. அந்தாதியை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

அதே கையெழுத்து நூலில் உள்ள சர் கவெயின் கதைப்பாட்டும் திராய் நகர முற்றுகையைக் கூறித் தொடங்கி, ஏறத்தாழ அதே அடியை ஈற்றயலில் மீண்டும் கூறி முடிகிறது. அதற்கும் செய்யுள் 101. காரைக்காலம்மையாரின் எண்ணும் 101 என்பது கண்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் பாடினர் என்று முடிவு கட்டுதல் ஆகாது. இரு நாட்டுப் புலவர்களும் ஒருவரை ஒருவர் அறியார்.

அப்படியாயின், இருவரும் ஒரே முறையைக் கண்டது எவ்வாறு? இதற்கு விடை ஏட்டிலேயே உள்ளது. பனையோலைச் சுவடி தைக்கப்படுவதில்லை. துளையில் கயிறு கோத்துக் கட்டப்படுவது. கயிறு அறுந்தால் ஏடுகள் சிதறும். சிதறிய ஏடுகளை வரிசைப்படுத்துவது எங்ஙனம்? அந்தாதியாயின் இடர்ப்பாடு இல்லை. ஒரு பாட்டின் இறுதிச் சொல்லே, அடுத்த பாட்டு எது என்பதைக் காட்டும். இடையில் ஒன்று தொலைந்திருந்தால், தொலைந்தது என்பதையும் அதுவே அறிவிக்கும். ஏடு இன்றி மனப்பாடமாகப் பாடுவோர்க்கும் அந்தாதி இவ்வாறே துணை நின்றது.

மேலை நாட்டில் தோல் ஏடுகளை மடித்து, பல மடிப்புகளைச் சேர்த்து ஒரு கட்டாகத் தைத்து, அத்தகைய கட்டுகளை அடுக்கி நூலாக்கினர். கட்டுகள் இடம் மாறிவிடலாகாதே என்பதற்காக, ஒரு கட்டின் கடைசிப் பக்கத்தின் அடியில் அடுத்த கட்டின் முதற்சொல்லை எழுதி வைத்தனர். அச்சுப் பொறி வந்த பின்னரும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை அச்சிடும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டுவரை நிலவியது. புலவன் பாட்டில் செய்ததை நூல் கட்டுவோன் பக்கத்தில் செய்தான் எனலாம்.

பிற்காலத்து ஆங்கிலப் புலவர்கள் இத்தாலி நாட்டிலிருந்து வந்த சானெட் என்னும் பதினான்கடிப் பாட்டை இவ்வாறே தொடுத்தனர். ஜான் டன் (1572–1631) இயற்றிய ‘லா கொரோனா’ ஏழு பாட்டுகளால் ஆனது. ஒவ்வொரு பாட்டின் இறுதியடி முழுவதுமே அடுத்த பாட்டின் முதலடி ஆகும். ஏழாம் பாட்டின் இறுதியடி முதற் பாட்டின் முதலடியே. ஏசுநாதரின் வாழ்வைப் பாடும் அத்தொடைக்கு மகுடம் எனப் பொருள்படும் பெயரை அவர் இட்டார். தமிழில் முடி என்னும் சொல் மகுடத்தையும் குறிக்கும், முடிவையும் குறிக்கும். டன்னும் தம் முதற் பாட்டிலேயே முடிவையும் மகுடத்தையும் இணைத்துச் சொல் நயம் காட்டுகிறார்.

மேரி ரோத் என்னும் பெண்பாற் புலவர் 1621 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் 14 சானெட்டுகளால் ஆன மகுடத் தொடை ஒன்று உள்ளது. அதன் முதலடியும் இறுதியடியும் ஒன்றே: சுழல் வழியில் சிக்கிய ஒருத்தி எப்பக்கம் திரும்புவேன் என்று கேட்கும் வினா. டன்னுக்கு மகுடமாக வாய்த்த வட்டம், ரோத்துக்கு வெளியேற வழியில்லாத கூடமாக அமைந்துவிட்டது. பதினான்கு பாட்டுகள் நடந்தும் அவள் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறாள். ஒரே யாப்பு இருவேறு உள்ளங்களுக்கு எவ்வாறு பணி செய்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

முதலடிக்கு இன்னொரு பணியும் உண்டு. அதுவே பெயராக நிற்பது. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், வெற்றி வேற்கை ஆகிய நூல்கள் தம் தொடக்கச் சொற்களால் பெயர் பெற்றன. ‘முத்து’ என்னும் ஆங்கிலப் பாட்டுக்கும் கையெழுத்து நூலில் தலைப்பு இல்லை; பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அதன் முதற்சொல்லையே பெயராக்கினர். அமெரிக்கப் புலவர் எமிலி டிக்கின்சன் (1830–1886) ஏறத்தாழ 1800 பாட்டுகள் எழுதியும், மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பிடவில்லை. ஆதலின், அவர் பாட்டுகளை இன்றும் முதலடி கொண்டே குறிப்பிடுகின்றனர். தமிழ்த் தொகை நூல்களின் பின்னே அச்சிடப்படும் பாட்டு முதற்குறிப்பு அகராதியும் இப்பயன் கருதியதே.

முதலும் முடிவுமே ஒரு நூலில் எளிதில் அழியக் கூடியவை. சுவடிக் கட்டில் வெளிப்புறத்து ஏடுகள்தாம் செல்லுக்கும் ஈரத்திற்கும் முதலில் இரையாகின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1904 ஆம் ஆண்டில் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தார். சேர மன்னர் பதின்மர் மீது பத்துப் பத்தாகப் பாடப்பெற்ற நூறு பாட்டுகள் கொண்ட நூல் அது. முதற் பத்தும் பத்தாம் பத்தும் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை. பழைய உரைகளிலும் தொகுப்பிலும் மேற்கோளாக வந்த ஒரு சில பாட்டுகளே அவற்றைச் சேர்ந்தவை என்று கருதப்படுகின்றன. எஞ்சிய எட்டுப் பத்துகளுள் நான்காம் பத்து, களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரலைக் காப்பியாற்றுக் காப்பியனார் பாடியது. அந்தப் பத்துப் பாட்டுகள் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றேனும் குறையவில்லை, வரிசையும் பிறழவில்லை.